நான்கும் நல்ல இடம்தான்: கோத்தகிரியிலிருந்து எங்கே போய்ப் படிப்பது?

எங்கேயும் இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல உறவு முழுக்க வந்து நிற்கும். நான்கு இடத்தில் கிடைத்த பிள்ளைக்கு யோசனை சொல்லத்தான் ஆள் இருக்காது. "எங்க சேர்ந்தாலும் நல்லா வருவே, போ" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளை ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும். இதை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, மலையிலிருந்து இறங்கிப் படிக்கப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நான்கு இடங்கள் வந்தன. உதகை அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல். திருப்பதியில் இருக்கும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில், அதாவது எல்லோரும் ஐசர் என்று சொல்லும் இடத்தில், ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கிறார். நான்கில் ஒன்றைக்கூட "இது எதுக்கு" என்று ஒதுக்க முடியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டு உண்டு. பழைய கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறாள். பள்ளிக்கு வரும் வழி லாங்வுட் சோலையின் ஓரம். ஊரை ஒட்டியே இருக்கும் 116 ஹெக்டேர் காடு அது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், பனியா வெயிலா, என்ன பறவை, எத்தனை என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். ஒரு பக்கத்தில் 'சோலைக்கிளி, புதருக்கு அடியில், ஒன்று' என்று இருக்கிறது (பேரில்தான் கிளி, இது சோலைக்குள் வாழும் ஒரு சின்னப் பறவை). அதற்குக் கீழே பென்சிலில், 'ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீத் தோட்டத்துக்குள்ள ஏன் வர்றதே இல்ல?' என்று ஒரு கேள்வி. நான்கு கல்லூரிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் நான் பார்த்தது அவளுடைய மதிப்பெண் பட்டியலை அல்ல, இந்த நோட்டைத்தான்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதல் வருடத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கட்டடம், ஹாஸ்டல் அறை, மெஸ் சாப்பாடு, முதல் வருடக் கட்டணம். முதல் வருடம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வகுப்பறை, அடிப்படைப் பாடம், ஆய்வகத்தில் ஸ்பெசிமன் வரைவது, வீட்டு நினைப்பு. வித்தியாசம் தெரிவது கடைசி வருடத்தில். அந்த வருடம் பிள்ளை எங்கே நின்று என்ன செய்துகொண்டிருக்கும், பக்கத்தில் யார் இருந்து சொல்லிக்கொடுப்பார்கள், அதுவரை வீடு தாக்குப்பிடிக்குமா, முடித்த மறுநாள் எந்தெந்தக் கதவு திறந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். 'நல்ல கல்லூரி' என்று ஒரே பேரில் சொல்லப்படும் இடங்கள் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும்.

ரேங்க் பட்டியலை வைத்து முடிவு செய்யலாமே என்பார்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் ஒன்றல்ல. கல்லூரிகளுக்கு ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு ஒன்று, வேளாண் துறைக்கு ஒன்று, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஒன்று என்று பல. கிறித்தவக் கல்லூரி ஒரு பட்டியலில் வரும். மேட்டுப்பாளையம் கல்லூரியை நடத்தும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேறொன்றில் வரும். ஐசர் இன்னொன்றில். ஒரு பட்டியலின் எண்ணை எடுத்து இன்னொரு பட்டியலின் எண்ணோடு ஒப்பிடுவது, கொழுந்து எடையையும் தூள் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து எது அதிகம் என்று பார்க்கிற மாதிரி. மோசமான கல்லூரியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ரேங்க் உதவும். நான்கு நல்ல இடங்களுக்குள் தேர்ந்தெடுக்க அது உதவாது.

முதலில் உதகை. உள்ளூர் மாடு விலை போகாது என்பது எங்கள் மலையில் இந்தக் கல்லூரிக்குத்தான் பொருந்தும். "ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜா, வேற எங்கயும் கிடைக்கலையா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 1955-ல் தொடங்கிய கல்லூரி. ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது, சுற்றுலா வருபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். படிக்கப் போகும் பிள்ளை பார்க்க வேண்டியது அங்கிருக்கும் விலங்கியல் மற்றும் வனவிலங்கு உயிரியல் துறையை. வனவிலங்கு உயிரியலில் எம்.எஸ்சி. வரைக்கும் ஒரே கூரையின் கீழ் படிக்கிற வாய்ப்பு நாட்டில் எத்தனை அரசுக் கல்லூரிகளில் இருக்கிறது? ஒரு பக்கம் முதுமலை, இன்னொரு பக்கம் அவலாஞ்சி, நடுவில் சோலையும் புல்வெளியும். எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் பணம் திரட்டிக்கொண்டு வந்து வேலை செய்கிற காடு, இந்தக் கல்லூரிப் பிள்ளைக்கு பஸ் ஏறினால் வந்துவிடும்.

கட்டணம் மிகக் குறைவு. அரசுக் கல்லூரி மாணவருக்குப் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. வீட்டிலிருந்தே போய் வரலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத வீடு, சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் சரி. அப்படிச் சேருவதைத் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே விலங்கியல் முடித்தவர் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி.க்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். அந்தத் தேர்வுத் தாளில் எந்தக் கல்லூரி என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

இங்கே உள்ள குறையையும் சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து உதகைக்கு சுமார் 30 கிலோமீட்டர். மலைப்பாதையில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாலை இருட்டிய பின் வீடு வந்து சேரும் பிள்ளைக்கு நூலகத்தில் உட்கார நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் பாதை நின்றுபோகும். 2009 நவம்பர் சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதனால் உதகை என்று முடிவு செய்கிறவர்கள், முடிந்தால் ஹாஸ்டலுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். வீடு பக்கம் என்பதற்காக மூன்று வருடத்தையும் பஸ்ஸிலேயே கரைத்துவிடக் கூடாது.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. வனவியல் என்றால் யானை, புலி, காட்டுக்குள் ஜீப் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மரம் வளர்ப்பு, நாற்றங்கால், மண், மர இனங்களின் மரபியல், வேளாண் காடுகள், மரத் தொழில்நுட்பம், வனச் சட்டம், வனப் பொருளாதாரம். வனவிலங்கும் அதில் ஒரு பகுதி, ஆனால் ஒரு பகுதிதான். மலைவேம்பு, சவுக்கு, தேக்கு இவற்றை விவசாயி நிலத்தில் எப்படி வளர்ப்பது, காகித ஆலைக்கும் பிளைவுட் ஆலைக்கும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில் அந்தக் கல்லூரி நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. மரம் பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது. பறவை பிடித்த பிள்ளை கொஞ்சம் நிதானித்துச் சேர வேண்டும்.

நான்கு வருடப் படிப்பு. கடைசி வருடத்தில் வனத்துறை, மரம் சார்ந்த தொழிற்சாலைகள் என்று வெளியே போய்த் தங்கி வேலை கற்றுக்கொள்ளும் பருவம் வரும். நான்கு இடங்களிலும் வேலைக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது இந்தக் கடைசி வருடம்தான். வனப்பணித் தேர்வு, அரசு வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வு, காகித ஆலைகளின் தோட்டப் பிரிவு, முதுகலை என்று வழிகள் பல. வேளாண் பல்கலைக்கழக இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் பெறுகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது அந்த ஒதுக்கீட்டில்தான். கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர் இறக்கம். அவள் அப்பா நோட்டையும் பார்க்கவில்லை, பாடத்திட்டத்தையும் பார்க்கவில்லை. "மேட்டுப்பாளையம்னா ஒரு போன் வந்தா ஒன்றரை மணி நேரத்துல போய் நின்னுடுவேன் டீச்சர்" என்றார். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஒரு தகப்பனுக்கு அது கட்டணத்தைவிடப் பெரிய கணக்கு.

தாம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், மதிப்புக் குறைவால் அல்ல. 1837-ல் தொடங்கி 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கல்லூரி. 365 ஏக்கர் வளாகம், அதில் பெரும்பகுதி புதர்க்காடு. எட்வர்டு பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அந்த வளாகத்தை மரமும் செடியுமாக வளர்த்தெடுத்தார். நம் மலைகளின் காசித்தும்பைச் செடிகளை ஆராய்ந்தவரும் அவரே. சுற்று வட்டாரத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கிண்டி, வண்டலூர் எல்லாம் இருக்கின்றன. தை, மாசி, பங்குனி ராத்திரிகளில் மாணவர்கள் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிற நகரம் அது. கடலை எட்டிப் பார்க்காத மலைப் பிள்ளைக்கு இது ஒரு தனிப் படிப்பு. பல ஊர்ப் பிள்ளைகள், ஆங்கிலப் பேச்சு, மேடை, நாடகம், விவாதம் என்று ஆளைத் திறந்துவிடுகிற இடம். இன்ன துறை என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு நான் தாம்பரத்தைத்தான் சொல்வேன்.

இதுபோன்ற பழைய கல்லூரிகளில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். உங்களுக்குக் கிடைத்தது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? கல்லூரிப் பெயரும் வளாகமும் ஒன்றாகவே இருக்கும், சில சமயம் பாடமும் ஒன்றாகவே இருக்கும். கட்டணத்தில்தான் பெரிய வித்தியாசம். சேர்க்கைக் கடிதத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பிடித்துப் படியுங்கள்.

இனித் திருப்பதி. ஐசர் என்றால் என்னவென்றே எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. "திருப்பதியில போய் என்ன படிக்கப் போறா?" என்று அவள் அப்பாயி கேட்டார். நாடு முழுக்க ஏழு ஐசர்கள் இருக்கின்றன. திருப்பதி ஐசர் 2015-ல் வந்தது, அதன் வளாகம் காளஹஸ்தி பக்கம் ஏர்ப்பேட்டில் இருக்கிறது. 2024 முதல் ஐசர் நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. அந்தத் தேர்வின் அமைப்பே படிப்பின் அமைப்பையும் சொல்லிவிடுகிறது. உயிரியல் ஆசையில் போகிற பிள்ளையும் ஆரம்ப வருடங்களில் கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பிள்ளைகள் அங்கே திணறுவது இதனால்தான். பாடம் முழுக்க ஆங்கிலம். கூடப் படிப்பவர்கள் பல மாநிலப் பிள்ளைகள், பெரிய நகரங்களில் கோச்சிங் வகுப்புகளில் தயாராகி வந்தவர்கள். முதல் பருவத்தில் மதிப்பெண் சரியும். அதை வீட்டில் எல்லோரும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் முதல் மாணவியாக இருந்த பிள்ளை அங்கே நடுவில் நிற்பது தோல்வி அல்ல என்று அப்பாவும் அம்மாவும் நம்பினால்தான் பிள்ளையும் நம்பும்.

அப்புறம் ஏன் அங்கே போக வேண்டும்? ஐந்தாம் வருடத்துக்காக. கடைசி வருடம் முழுக்க ஒரே ஓர் ஆய்வு. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஓர் ஆய்வுக் குழுவோடு சேர்ந்து, களத்திலோ ஆய்வகத்திலோ அதற்கு விடை தேடுவது. மற்ற மூன்று இடங்களில் இளநிலைப் பிள்ளைக்கு இவ்வளவு நீளமான ஆய்வுக் காலம் கிடைக்காது. இன்னொன்றும் இருக்கிறது. தென்னிந்திய மலைகளின் சோலைப் பறவைகளை ஆராயும் குழு ஒன்று திருப்பதியில் இயங்குகிறது. சோலைக்கிளிகளை ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தில் வைத்த 2017-ஆம் வருட ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் அங்கே பேராசிரியர். நம் நீலகிரி சிரிப்பான் பறவைக்கு மாண்டிசிங்க்ளா என்ற பேரினம் கிடைத்ததும் அதே ஆய்வில்தான். அதாவது, இந்தப் பெண் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கேள்வியை முழுநேர வேலையாகச் செய்கிற ஆட்கள் ஏர்ப்பேட்டில் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. ஆனால் ஒரே ஒரு பேராசிரியரை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதே என்றும் கையோடு சொன்னேன். ஐந்து வருடத்தில் அவர் வேறு இடம் போகலாம், விடுப்பில் இருக்கலாம், குழுவில் இடம் இல்லாமல் போகலாம். அவரை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தத் துறையில் சூழலியல், பரிணாமம், மரபியல் என்று உனக்குப் பிடித்தவற்றைச் செய்கிறவர்கள் இன்னும் சிலராவது இருக்கிறார்களா? இருந்தால் போ.

பணக் கணக்கை வருடத்துக்கு இவ்வளவு என்று போடாதீர்கள், படிப்பு முடியும் வரை மொத்தமாகப் போடுங்கள். உதகை மூன்று வருடம், மேட்டுப்பாளையம் நான்கு, தாம்பரம் மூன்று, திருப்பதி ஐந்து. ஆனால் திருப்பதியில் முதுகலையும் உள்ளே வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் எம்.எஸ்சி.க்கு இன்னும் இரண்டு வருடம் சேர்த்தால்தான் அது நியாயமான ஒப்பீடு. கட்டணத்தோடு மெஸ், பயணம், மடிக்கணினி, மலைப் பிள்ளையிடம் இல்லாத பருத்தி உடுப்புகள் வரைக்கும் எழுதுங்கள். பிறகு வரவைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய். ஐசர் மட்டுமல்ல, உதகையில் விலங்கியல் படித்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம், பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நாட்டின் முதன்மை நிறுவனங்களில் சேருகிறவர்களின் இளநிலைச் செலவைத் தாமே ஏற்பதாகத் தமிழக அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் நிறுவனத்துக்கும் படிப்புக்கும் அது பொருந்துமா என்று தலைமையாசிரியர் வழியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பிள்ளையை ரயிலேற்ற வேண்டாம். கடன் என்றால், 2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்குப் பிணையோ ஜாமீனோ இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகையும் உண்டு. முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஜூனில் போய் நின்றால் கூட்டம் தாங்காது.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணியில் அளந்து பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை சென்ட்ரல். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். திருப்பதிக்கு அதே ரயிலில் காட்பாடி இறங்கி மாறலாம், கோவையிலிருந்து நேர் ரயிலும் உண்டு. இரண்டுமே ஒரு ராத்திரியோ ஒரு பகலோதான். "பொம்பளப் புள்ளைய வேற மாநிலத்துக்கா?" என்ற கேள்வி எங்கள் ஊரில் கட்டாயம் வரும். வேறு மாநிலம் என்பதால் ஏர்ப்பேடு தாம்பரத்தைவிடத் தொலைவாகிவிடாது.

அவள் அப்பா கேட்ட கேள்வி வேறு: "படிச்சு முடிச்சா வேலை டீச்சர்?" அதற்கு நேராகவே பதில் சொன்னேன். மேட்டுப்பாளையம் முடித்தால் நான்கு வருடத்தில் தேர்வு எழுதிச் சம்பளத்துக்குப் போக வழி இருக்கிறது. திருப்பதி முடித்தவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டத்துக்குப் போவார்கள். நிலையான வேலை என்று வர வருடங்கள் ஆகும். ஆனால் அந்த வருடங்களில் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. "அப்ப சம்பளம் மாதிரிதான்" என்றார் அவர். கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணே, ஆனா தேறணும், அதையும் மறைக்காம சொல்றேன் என்றேன்.

நான்கு படிப்புகளின் கடைசி வருடப் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து அவள் கையில் கொடுத்து, பிடித்ததைக் கோடு போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். வனவியலில் வனவிலங்குப் பகுதியிலும் மண் பகுதியிலும் கோடு இருந்தது. மரத் தொழில்நுட்பப் பக்கம் வெள்ளையாகத் திரும்பி வந்தது. உதகையிலும் தாம்பரத்திலும் விலங்கின நடத்தை, சூழலியல் தாள்களில் கோடு. திருப்பதித் தாளில் சூழலியலோடு புள்ளியியலிலும் கோடு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "இதுல பாதி எனக்குப் புரியல டீச்சர். ஆனா நான் எண்ணி எண்ணி எழுதி வச்சிருக்கேன்ல, அத வச்சு என்ன பண்றதுன்னு இதுலதான் இருக்கு போல" என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு என் முடிவில் குழப்பம் இல்லை. அவளுக்குத் திருப்பதி முதலில். கணிதப் பிரிவும் சேர்த்துப் படித்தவள், எண்ணிக்கைக்குப் பயப்படாதவள், 'ஏன்' என்று கேட்டு எழுதிவைக்கிறவள். செலவுக்கு எழுத்துப்பூர்வமான உறுதி வராவிட்டால், உதவித்தொகையும் கைகூடாவிட்டால், கடனும் வேண்டாம் என்று வீடு நினைத்தால், மேட்டுப்பாளையம். அங்கே செலவு இல்லை, நான்கு வருடத்துக்குப் பிறகு வனவிலங்குப் பக்கம் முதுகலைக்குத் திரும்பிக்கொள்ளலாம். வீட்டில் அவள் இருந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், தயங்காமல் உதகை. தாம்பரத்தை நான்காவதாக வைத்தேன். அது மிக நன்றாகத் தருவது, இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்குத் தேவையான பரந்த உலகத்தை. இவள் முடிவெடுத்துவிட்டாள். இவளோடு படித்த இன்னொரு பையனுக்கு நான் வரிசையை அப்படியே தலைகீழாகச் சொல்லியிருப்பேன்.

திருப்பதிக்கு எழுத்தில் உறுதி வந்தது. அவள் அங்கே சேருகிறாள்.

மிச்சம் இருக்கும் இடங்களை என்ன செய்வது என்பதையும் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையக் குடும்பங்கள் பணத்தையும் சான்றிதழையும் சிக்கவைத்துக்கொள்கிறார்கள். கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் வரும், வேளாண் கலந்தாய்வு அடுத்து, ஐசர் கடைசியில். கடைசியில் வருவதற்காகக் காத்திருந்தால் முதலில் வந்தது போய்விடும். அதனால் ஓர் இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்து வைப்பதில் தப்பில்லை. மூன்று இடத்தில் கட்டி வைக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால், முழுக் கட்டணத்தில் 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நாள் தள்ளத் தள்ளத் திரும்பி வரும் தொகை குறையும்.

விலகும் கடிதத்தைக் கையால் எழுதினாலும் போதும். பெயர், விண்ணப்ப எண், சேர்ந்த பாடம், கட்டிய தொகை, ரசீது எண், வங்கிக் கணக்கு விவரம், சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைவு என்றால் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் இரண்டும் அனுப்புங்கள். முடிவெடுத்த அன்றே செய்யுங்கள். உதகை விலங்கியலில் காத்திருப்போர் பட்டியலில் குந்தாவிலிருந்தோ கூடலூரிலிருந்தோ ஒரு பிள்ளை இருக்கும். கலந்தாய்வின் சுற்று முடிவதற்குள் நீங்கள் விட்டால்தான் அந்த இடம் அதற்குப் போகும், முடிந்த பிறகு விட்டால் வருடம் முழுக்கக் காலியாகவே கிடக்கும்.